மாலை கழுத்தில் இருக்கும்போதே

கனகம்மாசத்திரம் தாண்டியதுமே கூட்டம் குஷியாக அரோகரா போட ஆரம்பித்துவிட்டது. திருத்தணி வந்தாச்சு என்ற சந்தோஷம். நர்மதா மட்டும் நடையை எட்டிப் போட்டாள். மலை ஏறுவதற்குள் கேட்டாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மஞ்சள் புடவையோடு அவள் நடந்து வந்தது முருகனுக்காக மட்டுமில்லை. முன்னால் காவடி தூக்கிக்கொண்டு போகிறாரே குருசாமி துளசிராமன், அவருக்காக. கம்பெனியில் அவர்தான் சூப்பர்வைசர். அவள் புருஷன் அன்புசெல்வனின் வலது கையை பிரஸ் மெஷின் நசுக்கியபோது பக்கத்திலேயே நின்றவர். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சாரை அன்புசெல்வனே அணைத்துவிட்டான் என்கிறது கம்பெனி. டார்கெட் முடியணும், அணைடா என்று சொன்னது துளசிராமன். திங்கட்கிழமை விசாரணை. பழி அன்புசெல்வன் தலையில் விழுந்தால் கையும் போச்சு, வேலையும் போச்சு, நஷ்டஈடும் இல்லை.

மாலை போட்டவன் பொய் சொல்லமாட்டான். ஊர்க் குடிகாரன்கூட மாலை போட்டால் அந்த ஒரு மண்டலம் ஒழுங்காக இருப்பான். அதை நம்பித்தான் அவளும் மாலை போட்டுக்கொண்டு இந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். அடேயப்பா, என்ன மரியாதை. பந்தியில் அவளுக்குத்தான் முதல் சோறு. கொப்புளம் கண்ட காலுக்கு அவரே மஞ்சள் குழைத்துக் கொடுத்தார். வாய்க்கு வாய் சாமி. கம்பெனி கேட்டில் அவளை வெயிலில் காய விட்ட அதே மனுஷன்தான். பேச்செடுத்தால் மட்டும், "மலை ஏறி எறங்கட்டும் சாமி, பொறுமையா பேசிக்கலாம்." அவளும் மண்டு மாதிரி தலையாட்டினாள். இறங்கினதும் மாலையைக் கழற்றிவிடுவார்களே என்பது இன்று காலையில்தான் அவளுக்கு உறைத்தது.

படிக்கட்டு அடியில் தேங்காய் உடைக்கக் கூட்டம் நின்றது. நர்மதா போய் அவர் எதிரில் நின்றாள்.

"குருசாமி, ஒரே ஒரு கேள்வி. சென்சார அணைக்கச் சொன்னது யாரு?"

"இன்னா சாமி இது, படிக்கட்டாண்ட வந்து..."

"இங்கதான் கேக்கணும். மாலையோட சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரா அணைச்சாரு, நீங்க சொன்னீங்களா?"

துளசிராமன் மலையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லாம் அவர் கையின்கீழ் வேலை செய்கிறவர்கள். காவடியைப் பக்கத்தில் நின்ற முனுசாமியிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் மாலையைத் தலைவழியே கழற்றி, சுருட்டி இடுப்பில் செருகினார்.

"உன் புருஷன்தாம்மா அணைச்சான். நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நர்மதா அவர் இடுப்பைக் கை காட்டினாள்.

"கழட்டிட்டு சொன்ன பாரு, அது போதும்யா. நீ சொல்றது பொய்னு ஒனக்கே தெரியுது." மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு நீங்கல்லாம் பாத்துக்கினுதானே இருந்தீங்க? உங்க கழுத்துல மாலை இன்னும் கீது. நீங்க சொல்லுங்க."

அன்புசெல்வனோடு தினமும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்ட முனுசாமி கையிலிருந்த காவடியைப் பார்த்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாலை இருக்கிறது, பொய் சொல்ல முடியாது. நாளைக்கு வேலைக்குப் போகணும், உண்மையும் சொல்ல முடியாது.

துளசிராமன் மாலையை எடுத்து உதறி மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். காவடியை வாங்கித் தோளில் வைத்தார்.

"வெற்றிவேல் முருகனுக்கு," என்றார்.

இப்போது அத்தனை வாயும் திறந்தது.

"அரோகரா."