பன்னிரண்டாவது பாட்டில்

கல்யாணமான வருடம் பரோசாவில் எங்கள் திராட்சைத் தோட்டத்து ஷிராஸ் வைன் பன்னிரண்டு பாட்டிலை நானும் என் மனைவி ஹெட்விக்கும் நிலவறையில் படுக்க வைத்தோம். பக்குவமானதும் சேர்ந்து குடிப்பதாகத் திட்டம். பக்குவம் பார்க்க மூன்று வருடத்துக்கு ஒன்றாகத் திறந்தோம். முதலாவதில் அத்தனை துவர்ப்பு. ஒரு வாய் நக்கிய எங்கள் நாய், அன்றிரவு திருடன் வந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. இப்படிப் பார்த்துப் பார்த்தே பதினொன்று தீர்ந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஹெட்விக்கை அடக்கம் செய்தோம். மிஞ்சிய ஒன்றை அவள் பங்குக்கும் சேர்த்து நானே ருசித்துவிட வேண்டும் என்றிருந்தேன். வியாழக்கிழமை பக்கத்துத் தோட்டத்து ப்ரூனோ வந்து, அதைத் திறந்து இரண்டு கோப்பையில் ஊற்றினான்.

ஒரு வாய் குடித்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. "அடப்பாவி, இப்பதான்யா பக்குவமாயிருக்கு! உனக்கு எப்படி இருக்கு?"

"அருமை."

"புளுகாதய்யா கிழவா. மூஞ்சியே சொல்லுது."

"தண்ணி மாதிரி இருக்கு, ப்ரூனோ. காலையில தின்ன ஊறுகாயும் அப்படித்தான் இருந்துச்சு."

அவன் என் கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சரி, நான் குடிக்கிறேன். நீ கேட்டுக்க. முதல்ல ப்ளம்பழம் வருது. அப்புறம் மிளகு..."

பாட்டில் தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.