ஊக்குக்கு ஒரு சாட்சி

"ஒரு பஸ்ஸு. அதுல நூத்திப்பத்துப் பேரு. அத்தனை பேரையும் ஒரே ஒரு ஊக்கை வச்சு மலையிலேருந்து இறக்கிக் கொண்டுவந்தவன் நான்," என்றார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், பெயர் மாற்றப் பிரிவின் கவுண்டர் கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு வாயைக் கொடுத்து. "அதனாலதான்மா இந்தப் பேரு."

கவுண்டர் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரு மாத்தக் காரணம் கேட்டேன் சார். கல்யாணமா, விவாகரத்தா, தத்தா, இதரவா?"

"ஊக்கு."

"இதர," என்று அவளே தீர்ப்புச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினாள். "இதரன்னா ஆதாரம் வேணும்."

துணியில் குத்துகிற அதே ஊக்குதான். டிப்போவில் ஊக்கு அண்ணன், தெருவில் ஊக்கு சார், வீட்டில் ஊக்குத் தாத்தா. காகிதத்தில் வேறொரு பெயர் இருந்தது, இல்லாமல் இல்லை. பிறந்த கையோடு யாரோ பெரியவர் வைத்த பெயர் அது. பிறப்புச் சான்றிதழிலும் ஓட்டுநர் உரிமத்திலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் அது பாட்டுக்குப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை எழுப்பவில்லை. திடீரென்று யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிடப்பட்ட மனிதர் எங்கே என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், மலை இறக்கத்தில் பஸ்ஸின் பிரேக் மிதி, சொல்லாமல் கொள்ளாமல், காற்றை மிதிப்பது போல உள்ளே போய்விட்டது. மிதியையும் கம்பியையும் கோத்திருக்கும் ஆணி உருவிக்கொண்டு பாதி தொங்கியது. ஆணியைக் கழலாமல் பிடிக்கும் சின்னக் கம்பி எந்த வளைவில் விழுந்ததோ. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, மலைச்சுவரில் பக்கவாட்டை உரசி எப்படியோ நிறுத்தி, ஆணியைத் திரும்பச் சொருகி, அதன் முனைத் துளையில் ஒரு ஊக்கை மாட்டிப் பூட்டி, அத்தனை பேரையும் அடிவாரத்துக்கு இறக்கினார். கதைக்கு வயது ஏற ஏறப் பயணிகளும் ஏறிக்கொண்டார்கள். அவர் ஓய்வு பெறும்போது கூரைமேலும் ஆட்கள் இருந்தார்கள், பின்னால் ஒரு யானையும் வந்துகொண்டிருந்தது. யானையை நம்பாதவர்கள் உண்டு. ஊக்கை எல்லாரும் நம்பினார்கள், ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் மச்சான். மனைவியின் அண்ணன், தையல்காரர். அவர் கடைப் பலகையில் 'எங்கள் பேண்ட் உங்களைக் கைவிடாது' என்று எழுதியிருக்கும், அதை எழுதிய காலத்தில் பிறந்தவர்களெல்லாம் இப்போது அங்கே பேரனுக்கு அளவு கொடுக்க வருகிறார்கள். அன்றைக்கு அதே பஸ்ஸில், டிரைவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர் அவர். ஆனால் கேட்டால், "பஸ்ஸு நின்னுச்சு, கிளம்புச்சு, வந்துச்சு. அவ்வளவுதான்," என்பார். இன்னும் கிளறினால் தொழிலைத் துணைக்கு அழைப்பார். "ஊக்கு ரெண்டு துணியைப் பிடிக்கும். பஸ்ஸைப் பிடிக்குமா? வாழ்நாள் முழுக்க ஊக்கோட பொழைக்கிறவன் சொல்றேன்." உலகம் முழுக்க ஊக்கு என்று கூப்பிட்டபோதும் அவர் மட்டும் பிடிவாதமாக 'மாப்ளை' என்பதைத் தாண்டியதில்லை.

இத்தனை வருஷம் தூங்கிய பெயரைச் சட்டப்படி மாற்ற வேண்டும் என்று கிளம்பியதற்குக் காரணம் பித்தப்பையில் கல். பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் காகிதப் பெயரை எழுதித் தொங்கவிட்டார்கள். டிப்போவிலிருந்து சக டிரைவர்கள் ஒரு படையாகத் திரண்டு பழக்கூடையோடு வந்து, வரவேற்பு மேசையில் 'ஊக்கு' என்று கேட்டார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றாள் அங்கே இருந்த பெண். சரியான பெயர் என்னவென்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட ஓட்டியவர், கூடச் சாப்பிட்டவர், ஒருவருக்கும் தெரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பழத்தைத் தாங்களே தின்றுவிட்டு, 'ஊக்கு ஆஸ்பத்திரியில இல்லையாம்' என்று டிப்போவுக்குப் போன் போட்டார்கள். அங்கே வேறு மாதிரி எடுத்துக்கொண்டு பஸ்களையெல்லாம் நிறுத்தி மௌன அஞ்சலியே செலுத்திவிட்டார்கள். பஸ் தாமதமானதற்குப் பயணிகள் விட்ட சாபமெல்லாம் செத்தவர் கணக்கில் ஏறியது.

இதைப் பிறகு சொல்லி அவரே சிரித்தார். ஆனால் அங்கே படுத்திருந்தபோது சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த கூட்டத்தில் இவர் கட்டிலின் ஓரத்தில்கூட இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், இவர் காலை மடக்கிக்கொண்டார். பகல் முழுக்க மனைவி கூட இருந்தாள். அவள் சாப்பிடப் போன நேரங்களில் அவர் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இத்தனை வருஷம் ஏற்றி இறக்கிய சனத்தில் ஒரு ஆளாவது வராதா என்று இருந்தது. வந்தவர் மச்சான் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்தவர் என்பதால் அவருக்கு மட்டும் காகிதப் பெயர் தெரிந்திருந்தது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. "அதுக்குள்ள அந்தப் பலகையில என் பேரு வந்தாகணும்," என்றார் மனைவியிடம். "உள்ளே போய்த் திரும்பி வராமப் போனாலும், எவனும் வேற எவனோ செத்துட்டான்னு நினைக்கக் கூடாது."

பெயரை மாற்றுவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் மாற்றியதில்லை. முதலில் வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம். வக்கீல் அதில் 'இன்னாராகிய நான் இனி ஊக்கு என்று அழைக்கப்படுவேன்' என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் இவர் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பத்திரிகையில் விளம்பரம். அது வந்த காலையிலிருந்து, மொத்த விலைக்கு ஊக்கு கிடைக்குமா என்று போன் வந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் அசல் கூத்து. அரசிதழில் பெயர் வர வேண்டுமென்றால் அடையாள அட்டையை முதலில் திருத்தி வா என்றார்கள். அடையாள அட்டைக்காரர்கள் அரசிதழைக் கொண்டு வா என்றார்கள். வங்கியில் இரண்டையும் கேட்டார்கள். ஓய்வூதிய அலுவலகத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய பெயர்க்காரர் இறந்துவிட்டாரா என்று கேட்டார்கள். ஒவ்வொரு வரிசையும், கருத்த தலையோடு சேர்ந்தவர் நரைத்த தலையோடு கண்ணாடிக்கு வந்து சேர்கிற அளவு நீளம். மலை வளைவில் எதிரே லாரி வந்தாலும் நிதானம் இழக்காத மனிதர், ஒருநாள் ஓய்வூதிய அலுவலக வாசலில் செருப்பைத் தேடும்போது, கூடவே ஒரு கெட்ட வார்த்தையையும் கண்டெடுத்தார். பலமாகவே.

"விட்டுடுங்களேன். நான் வேணா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு வர்றவங்களைக் கூட்டிட்டு வர்றேன்," என்றாள் மனைவி.

"நீ சாப்பிடப் போற நேரத்துல?"

அவள் மறுநாள் வரிசைக்கு வேண்டிய காகிதங்களை எடுத்துப் பையில் வைத்தாள்.

கடைசியில் பெயர் மாற்றப் பிரிவின் அதிகாரியே கூப்பிட்டு அனுப்பினார். கோப்புகள் சுவர் மாதிரி எழும்பியிருக்க, அதற்குப் பின்னால் ஒரு கண்ணாடியும் வழுக்கையும் மட்டும் தெரிந்தன. ஒரு பொருளின் பெயரை மனிதருக்கு வைப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. புழக்கத்தில் இருக்கும் பெயர் என்றால் ஒரு வழி உண்டு. இரண்டு பெயரையும் அறிந்த, பெயர் வந்த சம்பவத்தை நேரில் கண்ட சாட்சி வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"பொண்டாட்டி?"

"குடும்பத்து ஆள் செல்லாது."

"பொண்டாட்டியோட அண்ணன்?"

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அவரு சட்டப்படி உங்களுக்கு அந்நியர்."

"நானும் இத்தனை வருஷமா அதைத்தான் சார் சொல்லிட்டிருக்கேன்," என்றார் ஊக்கு. உடனே அவர் சிரிப்பு வற்றியது. இரண்டு பெயரும் தெரிந்து, பஸ்ஸிலும் இருந்து, இன்னும் உயிரோடும் இருப்பவர் அந்த அந்நியர் ஒருவர்தான்.

தையல் கடையில் மச்சான் கத்தரியை நிறுத்தாமலே கேட்டார். "நடக்காததுக்கு நான் கையெழுத்துப் போடணும், அப்படித்தானே?"

"மச்சான், இது ஒண்ணே ஒண்ணு."

"ஏன், உங்க நிஜப் பேருக்கு என்ன குறைச்சல்? அது இருந்ததாலதான் நான் வந்து பார்த்தேன்."

"நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க."

கத்தரி ஒரு கணம் தயங்கி, மறுபடி துணியில் ஓடியது. "பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் மாப்ளை. வேற என்ன வேணா கேளுங்க. ரெண்டு பேண்ட் தைச்சுத் தரவா?"

மறுநாள் மனைவியே அண்ணன் கடைக்கு நேரில் போனாள். என்ன பேசினாளோ தெரியாது. போகும்போது அவள் நடையைப் பார்த்த எவரும் அண்ணனுக்காகப் பரிதாபப்பட்டிருப்பார்கள். திரும்பி வந்து, "வர்றாரு. வருவாரு, உட்காருவாரு. வாயைத் திறப்பாரான்னு என்னைக் கேட்காதீங்க," என்றாள்.

வந்தார். மடிப்புக் கலையாத பேண்ட், இறுக்கமான பெல்ட், அதைவிட இறுக்கமான வாய். அதிகாரி முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஊக்கு, இன்னொன்றில் மச்சான், ஆஸ்பத்திரியில் முறை வராத இரண்டு நோயாளிகளைப் போல.

அதிகாரி விண்ணப்பத்தை உரக்கப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. நாள் முழுக்கக் கல்யாணமும் விவாகரத்தும் பார்க்கிறவருக்கு இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். பக்கத்து மேசைக்காரரையும் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டார். "நூத்திப்பத்துப் பேரு. ஒரு ஊக்கு. சரி, அந்த நேரத்துல ஊக்கு எங்கேருந்து வந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் யானை மேல்தான் கண். ஊக்குக்குச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் இருந்தது, நிஜமான வாக்கியம். சொன்னால் அதிகாரியின் சிரிப்பு நின்றுவிடும், அறுவை சிகிச்சைக்குள் கட்டிலின் கால்மாட்டில் பெயர் தொங்கும், டிப்போ திரண்டு வரும். ஊர் முழுக்கக் கதை அளந்தவர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனைவியிடம்கூட அளந்ததில்லை. பக்கத்து நாற்காலியை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கீழ கிடந்துச்சு சார்."

"பஸ்ஸுக்குள்ளயா?"

"ஆமா."

"வேணுங்கிற நேரத்துல, வேணுங்கிற சைஸ்ல, கீழ கிடந்துச்சு." அதிகாரி பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்கக் கோப்பால் வாயை மூடிக்கொண்டார். "பெரியவரே, கதை நல்லாருக்கு. பேரப்பசங்களுக்குச் சொல்லுங்க. சட்டத்துக்கிட்ட சொல்லாதீங்க. எத்தனை வருஷமா இந்தப் புளுகை விட்டுட்டிருக்கீங்க?" சிவப்புப் பேனாவை எடுத்தார். "சாட்சி ஐயா, நீங்களாச்சும் சொல்லுங்க. இப்படி ஏதாவது நடந்துச்சா?"

மச்சான் தன் முழங்காலில் இல்லாத ஒரு நூலைப் பிய்த்து எறிந்தார். புளுகு என்று அவரே ஆயிரம் தடவை சொன்னதுதான். தங்கை வீட்டில், தன் கடையில், கல்யாணப் பந்தியில், தன் வாயால். அதையே இன்னொருத்தன், அதுவும் சட்டையின் தோள்பட்டை ஒன்று ஏறி ஒன்று இறங்கித் தைத்திருக்கும் ஒருத்தன், பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னபோது அவருக்கு என்னவோ செய்தது.

"கீழ கிடக்கல," என்றார்.

ஊக்கு தலையைக் குனிந்துகொண்டார். "மச்சான், வேண்டாம் விடுங்க."

"நீங்க சும்மா இருங்க மாப்ளை." மச்சான் எழுந்து நின்றார். "அந்த ஊக்கு என்னோடது சார். என் பேண்ட்ல இருந்துச்சு. நானே வெட்டி, நானே தைச்ச பேண்ட். அன்னைக்குக் காலையில பஸ்ஸு ஏறும்போது இடுப்புக் கொக்கி பிடுங்கிட்டு வந்துடுச்சு. ஊக்கைக் குத்தி, மேல சட்டையை இறக்கி விட்டு, யாருக்கும் தெரியாம உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸை நிறுத்திட்டு இவரு திரும்பி, 'மச்சான், கம்பி மாதிரி ஏதாச்சும் இருக்கா'ன்னு கேட்டாரு. பின் சீட்டுல ஒரு குழந்தை கத்திட்டிருந்துச்சு. கழட்டிக் கொடுத்தேன்."

பக்கத்து மேசைக்காரர் கோப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"அடிவாரத்துல இறங்கினா, என் வாடிக்கைக்காரங்க பாதிப்பேரு அங்க நிக்கிறாங்க. இவரைத் தோள்ல தூக்கினாங்க. என்னைப் பார்த்து..." அவர் பக்கத்து நாற்காலியைக் கைகாட்டினார். "இவரு இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அந்த நூத்திப்பத்து மட்டும் புளுகு. யானையும் புளுகு."

"அப்போ மத்தது?" அதிகாரி சிவப்புப் பேனாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "மத்ததெல்லாம் நடந்துச்சா?"

மச்சானின் இடது கை, அவர் அறியாமல், இடுப்புக்குப் போயிருந்தது. பெல்ட்டுக்கு மேலேயே கால்சட்டையின் விளிம்பைக் கொத்தாகச் சேர்த்து, விட்டால் விழுந்துவிடும் என்பது போல, விரல் வெளுக்கப் பிடித்திருந்தார்.

"நடந்துச்சு," என்றார், பிடியைத் தளர்த்தாமல்.