வழியில் நின்ற கார்

"தூக்குங்கப்பா, அந்தப் பக்கம் நாலு பேரு, இந்தப் பக்கம் நாலு பேரு" என்று சொல்லிக்கொண்டே வைரக்கண்ணு காரின் மூக்குக்கு அடியில் கையைக் கொடுத்தார். பந்தலும் ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடுகிறவர் அவர். வாசலில் பந்தல் போட்டாயிற்று; அவருடைய சின்ன லாரி பெட்டியோடு கேட்டுக்கு வெளியே ஒதுங்கி நின்றது.

"கையை எடுங்கண்ணே. ஸ்டாண்டு சாஞ்சா ஆள் மேல விழுந்துரும்" என்றாள் சுடர்விழி.

"அப்ப பொட்டிய எங்கம்மா எறக்குறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. போர்டிகோ முழுவதையும் அந்தக் கார் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புக் கார். சக்கரங்களைக் கழற்றி இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றி வைத்திருந்ததால் பனிக்குள் மிதப்பதுபோல் தெரிந்தது. வீட்டுக்குள் போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது.

தை மாதத்துப் பனி. எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதற்கப்பால் அறுத்து முடித்த வயல். இதெல்லாம் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ரோட்டோரம் காயப்போட்டிருந்த நெல் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வைக்கோல் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்கக் கண்ணே மூடாத சுடர்விழிக்கு எல்லாம் கொஞ்சம் தள்ளி நடப்பதாக இருந்தது. யாராவது பேசினால், உதடு அசைந்து சற்று நேரம் கழித்துத்தான் குரல் வந்து சேர்ந்தது.

நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியபோது நெஞ்சைத் தடவிக்கொண்ட அவள் புருஷன் பகலவன், விடிவதற்குள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆடு மாடுகளுக்கெல்லாம் டாக்டர். தன் நெஞ்சு வலியை மட்டும் வாயுப் பிடிப்பு என்று சொல்லிவிட்டான். மாமனார் இராஜாங்கம் உடம்பை வாங்கிக்கொண்டு வர ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டார். வீட்டை ஒதுங்க வைக்கச் சொல்லி மருமகளையும் மகள் செவ்வந்தியையும் முன்னால் அனுப்பியிருந்தார்.

போன் அடித்தது. மாமனார்தான்.

"ஆயி, வண்டி கெளம்பிருச்சு. அங்க காரு மறிச்சிக்கிட்டு நிக்கிதாமே? வைரக்கண்ணு சொன்னான்."

"ஆமா மாமா."

"பேசாம நேரா ஊருக்குக் கொண்டு போயிருவோம். அங்க எடம் இருக்கு, சனம் இருக்கு."

"வேணாம் மாமா. இங்க கொண்டாங்க."

"வெளிய போன உசுரும்மா. உள்ள கொண்டுபோயி வைக்கக்கூடாது, வாசல்லதான் கெடத்தணும். வாசல்லயே எடமில்லன்னா எப்படி?"

"அவரு படுத்தே கெடந்த எடம் அதுதான் மாமா. லீவு நாளுன்னா காருக்கு அடியிலதான் கெடப்பாரு. இன்னிக்கி மட்டும் வேற எடம் எதுக்கு?"

அந்தப் பக்கத்தில் அவர் வேன் டிரைவரிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"சரி. பிரிவு ரோடு வரதுக்குள்ள சொல்லு. காரு வெளிய வந்துருச்சுன்னா வீட்டுக்கு. இல்லன்னா ஊருக்கு" என்றார் இராஜாங்கம்.

ஊர் என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பங்காளிகள் இருபது பேர் சூழ்ந்துகொள்வார்கள். தலைமாட்டில் அத்தைகள், கால்மாட்டில் சித்திகள். அவளை ஒரு மூலையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே அவன் இராஜாங்கத்தின் மகன். அவன் அவளுக்குப் புருஷனாக இருந்தது இந்த வீட்டில். பொழுது சாயும்வரை அவன் இங்கே இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"செவ்வந்தி, வா. சக்கரம் மாட்டுவோம்" என்றாள்.

சக்கரங்கள் கூடத்தில், டிவிக்குக் கீழே சுவரில் சாத்தியிருந்தன. ஒரு செட் அல்ல, இரண்டு செட். நாலு கறுப்பு, நாலு வெள்ளி. பழைய சக்கரங்களை விற்றுவிட்டு, எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருந்தான். சினிமா பார்க்கிறபோதும் அவன் கண் டிவியைவிட்டுக் கீழே இறங்கிவிடும்.

"சுடரு, எது?" என்பான்.

"ரெண்டும் ரவுண்டாத்தானே இருக்கு? எதையாச்சும் மாட்டுங்க" என்பாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக் கார்ப் பந்தயத் தடத்துக்குப் போவான். போட்டி கிடையாது, பரிசும் கிடையாது. பணத்தைக் கட்டிவிட்டு, எருமையோ பஸ்ஸோ குறுக்கே வராத தடத்தில் தன் காரைத் தானே விரட்டிவிட்டு வருவதற்கு ட்ராக் டே என்று பெயர். கன்று போடத் திணறுகிற மாட்டின் பக்கத்தில் அரை நாள் பொறுமையாக நிற்கிற மனுஷன், ஒரு வளைவில் அரை நொடி மிச்சம் பிடிக்க எந்தச் சக்கரம், எந்த பிரேக் பேடு என்று வாரக்கணக்கில் அலைந்தான். பைத்தியம்தான். அந்தப் பைத்தியத்தை அவளுக்குப் பிடிக்கும். அதை அவனிடம் சொன்னதில்லை, சொன்னால் இன்னொரு கார் வாங்கிவிடுவான்.

"அண்ணி, கறுப்ப மாட்டுவோம். பூ மாதிரி இருக்கு, நான் ஒத்தக் கையால தூக்கிருவேன்" என்றாள் செவ்வந்தி.

சுடர்விழிக்கும் அதுதான் சரி என்று பட்டது. எடை குறைந்த சக்கரம் வேகமாகச் சுழலும், சீக்கிரம் நிற்கும் என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒன்றை உருட்டிக்கொண்டு போய் முன்பக்கத்தில் குந்தினாள். அங்கே, வெறுமையாகத் தொங்கிய பிரேக்கின் மேல் வெளுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

சப்பாத்தி மாவு.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்து, அவள் பிசைந்து வைத்திருந்த மாவில் எலுமிச்சம்பழ அளவு கிள்ளிக்கொண்டு போனான். திங்கிற பொருளை எங்கே கொண்டு போறீங்க என்று சத்தம் போட்டாள். "சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குன்னு பாக்கணும். மாவு நசுங்குனா எடமில்லன்னு அர்த்தம்" என்றான். பெரிய பிரேக் வாங்கி மாட்டியதிலிருந்து அவனுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. மாவை ஒட்டினான், கறுப்புச் சக்கரத்தை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினான், கழற்றினான், உம்மென்று வந்து சாப்பிட உட்கார்ந்தான். மாட்டு டாக்டர் வீட்டுச் சப்பாத்தியில் அன்றைக்கு ஒன்று குறைந்தது.

இப்போது அந்த மாவு கல்லாகக் காய்ந்திருந்தது. மேல்பக்கம் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. ஓரத்தில், அழுத்தி ஒட்டிய இடத்தில், அவன் கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது.

"கறுப்பு வேணாம். உரசும்" என்றாள் சுடர்விழி.

"யாரு சொன்னா?"

"ஒங்கண்ணன்தான்."

செவ்வந்தி வெள்ளிச் சக்கரத்தை எடுத்து வந்தாள். வரும்போது, அழுக்கு என்று நினைத்து மாவைத் துடைக்கத் துணியை நீட்டினாள். "விடு, அது இருக்கட்டும்" என்று சுடர்விழி அவள் கையைப் பிடித்தாள். நட்டுகளை எண்ணி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"புருசன் போன வீட்டுல இவ என்னடி ஒர்க்ஷாப் வேலை பாக்குறா?" பந்தல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள். சுடர்விழியின் கை பிரேக் பேடுகள் இருந்த அட்டைப் பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தது.

பேடு இல்லாமல் பிரேக் பிடிக்காது, அதையும் அவன் கழற்றிப் போட்டிருந்தான். அதிலும் இரண்டு. ஒன்று ட்ராக்குக்கு வாங்கியது. சூடு ஏறினால்தான் அது கடிக்கும், முதல் சுற்றில் சும்மா வழுக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். மற்றது சாதாரணம், கடைக்குப் போய் வரப் போதும். போர்டிகோவிலிருந்து ரோட்டுக்கு இறக்கம், ரோட்டைத் தாண்டினால் வாய்க்கால். அவள் சாதாரணத்தை எடுத்தாள். காருக்கு இவ்வளவு நாள் டார்ச் பிடித்தவள் அவள்தான், அவன் கை எங்கெங்கே போகும் என்று தெரியும். பழைய பேடை வைத்துப் பிரேக்கின் வாயை நெம்பி, புதியதை இறக்கி, அதைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு ஊசியைத் தட்டிச் செருகினாள். மறுபக்கத்துக்கு வந்தபோது உள்ளே இருட்டாக இருந்தது, ஊசி ஓட்டையில் இறங்கவில்லை.

சட்டென்று வெளிச்சம் வந்தது. பொன்னுத்தாய் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"எங்கடி காட்டணும்? இங்கயா?"

"கொஞ்சம் கீழ பெரிம்மா."

"எம்புட்டு அழுக்கு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே முந்தானையால் சுடர்விழியின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

செவ்வந்தி சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, சுடர்விழி நட்டுகளை முடுக்கினாள். வெள்ளிச் சக்கரம் மாவைத் தொடாமல் சுற்றியது. வைரக்கண்ணு ஜாக்கியை இறக்கினார். ஒவ்வொரு பக்கமாகக் கார் பெருமூச்சு விட்டுத் தரைக்கு வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஆயி, பிரிவு ரோடு வந்துருச்சு."

கார் இன்னும் போர்டிகோவில்தான் இருந்தது. பின்பக்கம் ஒரு சக்கரம் தரையில் படவேயில்லை.

"வெளிய வந்துருச்சு மாமா. வரச் சொல்லுங்க" என்றாள்.

கடைசிச் சக்கரமும் தரைக்கு வந்ததும் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அவனுடைய கால் நீளத்துக்கு வைத்த சீட். நுனிக்கு வந்து காலை நீட்டி பிரேக்கை மிதித்தாள். மிதி தரைவரை போனது. புதுப் பேடு போட்டால் அப்படித்தான், கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். மிதித்தாள், மிதித்தாள், நாலைந்து மிதியில் கல் மாதிரி ஆயிற்று. ஹேண்ட் பிரேக்கை எப்போதோ கழற்றிப் போட்டிருந்தான். இனி அவள் கால்தான் பிரேக்.

"தள்ளுங்கண்ணே."

இன்ஜின் போடவில்லை. பின்னால் நாலைந்து கைகள் பட்டதும் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. பந்தல் துணி தலைக்கு மேல் நகர்ந்தது, முருங்கை மரம் நகர்ந்தது. ஒருக்களித்து நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கையை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, இறக்கம் தானே இழுத்துக்கொண்டது. முன்னால் வெள்ளையாகப் பனி, அதற்குள் ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்று இருந்தது அவளுக்கு. பக்கத்து சீட்டில் அவன் இருந்தால், பிரேக் போடாதே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்வான்.

பனிக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள் தெரிந்தன. வேன்.

மிதித்தாள். கார் கேட்டுக்கு நடுவில், மூக்கு ரோட்டிலும் முதுகு வாசலிலுமாக நின்றது. வேனும் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது.

"அவ்வளவுதாம்மா, கால எடு, ஓரமா ஒடி! வண்டி உள்ள வரட்டும்" என்றார் பின்னாலிருந்து வைரக்கண்ணு.

ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துக் காலை எடுத்தால் போதும். கார் ரோட்டோரம் போய் நிற்கும், வழி விட்டுவிடும். காலையிலிருந்து அவள் கேட்டது அதைத்தான். ஆனால் கால் வரவில்லை. வேன் உள்ளே வந்துவிட்டால் பகலவன் வந்துவிடுவான். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவன் இன்னொரு தடவை வரப்போவதில்லை. இப்போதைக்கு அவன் ரோட்டில் இருக்கிறான், வந்துகொண்டிருக்கிறான்.

"அண்ணி?" செவ்வந்தி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்மா, பிரேக்கு புடிச்சிக்கிச்சா?" என்றார் வைரக்கண்ணு.

அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எடுக்கவில்லை.

வேனின் முன்கதவு திறந்து இராஜாங்கம் இறங்கினார். ராத்திரி போட்ட அதே சட்டை. இத்தனை வருஷத்தில் மகனுடைய காரை அவர் தொட்டதில்லை, மாட்டுக்கு ஊசி போடுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டதோடு சரி. நடந்து வந்து காரின் கூரைமேல் கையை வைத்தார். குனிந்து மருமகளைப் பார்த்தார். அவள் கால் இருந்த இடத்தையும் பார்த்தார்.

வைரக்கண்ணு மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இராஜாங்கம் அவரைப் பார்த்துக் கையமர்த்தினார். பிறகு வேன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இன்ஜின ஆஃப் பண்ணிருப்பா."

வேன் அடங்கியது. விளக்குகளும் போயின. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்டது. இராஜாங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, காரின் முன்சக்கரத்தை ஒட்டித் தரையில் விரித்து உட்கார்ந்தார்.