செவ்வாய்க்கிழமை தூங்கிய கட்டடம்

இப்போதெல்லாம் மனுஷனை மனுஷன் கேட்பதே இல்லை. குளிருகிறதா என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்காமல் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பத்து மாடி ஆபீஸ் கட்டடத்தின் ஏசி மிஷினை இருபது வருஷமாக ஓட்டும் பெரியவருக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அதே கட்டடத்தைக் கணினிக்குள் கட்டிக் கணக்குப் போடும் வேலை அவருடைய மருமகளுக்கே வாய்த்ததுதான் கொடுமை.

அன்று அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு ஆறாம் மாடிக்குப் போனார்.

"என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"கரண்ட் விலை இனிமே மணிக்கு மணி மாறும், மாமா. மத்தியானம் உச்சம், விடியக்காலையில மலிவு. அப்பவே கட்டடத்தைக் குளிர வெச்சுட்டா செலவு குறையும்னு எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொன்னேன். கணக்கு என்னடான்னா ஏறித்தான் வருது. மூணு மணிக்குள்ள சரியா காட்டலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னுட்டாங்க."

"மணிக்கொரு விலையா? கரண்ட் என்ன தக்காளியா?"

சொல்லிக்கொண்டே திரையை உற்றுப் பார்த்தார். மேலும் கீழும் ஓடிய கோட்டில் ஓரிடத்தில் பள்ளம்.

"இது என்ன?"

"சனி, ஞாயிறு ஆபீஸ் லீவு, மாமா. மிஷின் ஓடாது. போன மாசம் பதினாலு, பதினஞ்சு."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து தினமும் மிஷின் ஓடிய நேரத்தைக் குறிக்கும் எண்ணெய்க் கறை படிந்த நோட்டை உருவினார்.

"பதினாலு செவ்வாய்க்கிழமை. கட்டடம் முழுக்கக் கூட்டம், எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நீ மிஷினைத் தூங்கப் போட்டிருக்க!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, வருஷத்தோட முதல் நாள் என்ன கிழமைன்னு நான் சொல்லவே இல்லை! கம்ப்யூட்டர் அதுவா ஞாயிறுன்னு எடுத்துக்கிச்சு. விலை நிஜத் தேதிப்படி போகுது, ஆளுங்க மட்டும் தப்பான கிழமையில வர்றாங்க."

வருஷத்தின் முதல் நாளைப் புதன் என்று திருத்தி மறுபடி ஓட்டினாள். கோடு வந்தது, செலவு இறங்கியிருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து விட்ட பெருமூச்சில் மேஜைக் காகிதமே நகர்ந்தது.

"வயித்துல பால வார்த்தீங்க, மாமா!"

அவருக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. காட்டிக்கொள்ளாமல் எழுந்தார்.

"முதல்ல சாப்பிடு. விடியக்காலையில குளிர வெச்சா மத்தியானம் வரைக்கும் சுவர் அந்தக் குளிரை ஞாபகம் வெச்சுக்குமாம்! எனக்கே காலையில சாப்பிட்டது மறந்துபோவுது."

தலையை ஆட்டிக்கொண்டே மிஷின் ரூமுக்குப் படியிறங்கினார்.