தலைவரின் நீலக் கூலன்ட்

தகடூர் ரைடர்ஸ் கிளப்பில் உறுப்பினர்களை விடப் பதவிகள் அதிகம். தலைவர், செயல் தலைவர், கௌரவத் தலைவர், ஒருங்கிணைப்பாளர், தலைமை ஒருங்கிணைப்பாளர் என்று வரிசை போகும். வெறும் உறுப்பினர் என்று இருந்தவர் கம்பைநல்லூர் புளி வியாபாரி பச்சியப்பன் ஒருவர்தான். அவருடைய நூறு சிசி வண்டியில் பின்னால் புளி மூட்டை கட்டுவார். கிளப்பின் கண்ணியத்துக்கு மூட்டை ஒத்துவராது என்று அவருக்குப் பதவி தரவில்லை.

தலைவர் பிரபாகர். கடத்தூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையை நடத்துவது அவர் மனைவி அம்பிகா. பிரபாகர் அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம் நடத்துவார். குளியலறை டைல்ஸ் மாதிரிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் நாங்கள் இமயமலைப் பயணத்தைத் திட்டமிடுவோம். இதுவரை தொப்பூரைத் தாண்டியதில்லை. அது வேறு விஷயம்.

தை மாதம் பிரபாகர் புது வண்டி எடுத்தார். ரேடியேட்டர் உள்ள வண்டி. எங்கள் வண்டிகளெல்லாம் போகிற போக்கில் காற்றுப் பட்டே ஆறுபவை. அவர் வண்டியில் எஞ்சினைச் சுற்றிக் கூலன்ட் என்ற திரவம் ஓடும். சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து ஆறிவிட்டுத் திரும்பப் போகும். இதை அவர் எங்களுக்கு ஒவ்வொரு வாரமும் விளக்கினார். விளக்கும்போது எஞ்சினைத் தொடமாட்டார். கோயில் கருவறையைக் காட்டுவது போல இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவார்.

அன்றிலிருந்து கிளப்பில் இரண்டு சாதி ஆயிற்று: கூலன்ட் உள்ளவர், இல்லாதவர். முதல் சாதியில் அவர் மட்டும் இருந்தார்.

மாசியில் வண்டிக்குப் பதவிப் பலகை மாட்டினார். நம் மாவட்டத்தில் பலகை இல்லாத பதவியைப் பதவி என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஏதோ ஒரு சங்கத்தின் துணைப் பொருளாளர்கூடக் காரில் பலகை வைத்துக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போகிறார். பைக்கில் எங்கே மாட்டுவது என்பதுதான் சிக்கல். ஹெட்லைட்டுக்குக் கீழே மாட்டினால் நம்பர் பிளேட் மறையும். கிளப்பின் தொழில்நுட்ப ஆலோசகரும் தருமபுரியில் மெக்கானிக் ஷாப் வைத்திருப்பவருமான கலைமணி வழி சொன்னார். முன் சக்கரத்துக்குப் பின்னால், வண்டி விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பியான கிராஷ் கார்டில் குறுக்காக அடித்துவிடலாம். சக்கரம் நடுவே மறைக்குமே என்றதற்கு, பலகையை அகலமாகப் போட்டு, சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ‘மாவட்டத்’ என்றும் அந்தப் பக்கம் ‘தலைவர்’ என்றும் எழுதலாம் என்றார். அப்படியே ஆயிற்று. துருப்பிடிக்காத தகடு; ஓடும்போது அதிராமல் இருக்க ஓரங்களைப் பின்பக்கம் மடித்து இறுக்கியிருந்தார் கலைமணி. பூஜை போட்டுத் தேங்காய் உடைத்தோம்.

பங்குனியில் தொப்பூர் கணவாயில், லாரிகளுக்கு நடுவே, தலைவர் வண்டி முதல் முறையாகக் கொதித்தது. மீட்டரில் சூட்டைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் இருக்கும் சிவப்புக் கோடு மின்ன, அடியிலிருந்து ஆவி வந்தது. பக்கத்து வீட்டில் கேட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு திரும்பினார்.

“கம்பெனிக்காரன் குடுக்கற கூலன்ட் குளிர் நாட்டுக்குச் செஞ்சதுங்க. நம்ம வெயிலுக்கு அது தாங்குமா?” என்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்.

போர் தண்ணீரை வடித்துவிட்டுப் பச்சை நிறக் கூலன்ட் மாற்றினார்கள். பாலக்கோடு போகும் வழியில் கொதித்தது. ரோஸ் நிறத்தில் ஒன்று ஊற்றினார்கள். அது அரூர் வரை பொறுத்துக்கொண்டு அங்கே பஸ் ஸ்டாண்டு வாசலில் கொதித்தது. அதற்குப் பிறகுதான் பெங்களூரிலிருந்து நீல நிறக் கூலன்ட் வந்தது. பந்தய வண்டிகளுக்கு ஊற்றுவது என்று டப்பாவிலேயே படம் போட்டிருந்தது. தலைவர் அதை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

செயல் தலைவர் தானும் ஒரு டப்பா வாங்கலாமா என்று கேட்டார்.

“உங்க வண்டியில எங்க ஊத்துவீங்க?”

“நீங்க சொல்ற எடத்துல ஊத்தறேன் தலைவரே.”

“உங்க வண்டிக்கு அந்தத் தகுதி இல்லீங்க,” என்றார் பிரபாகர், வருத்தத்துடன்.

கலைமணி தொண்டையைக் கனைத்தார். “நல்ல கூலன்ட் வேணும்தானுங்க. நம்மூரு போர் தண்ணிய ஊத்தினா உள்ள கல்லாப் புடிச்சுக்கும், துருவும் ஏறும். கூலன்ட்டு கொதிக்கறதுக்கும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுக்கு மேல கலரு கலரா மாத்தறதுல என்ன ஆவுதுன்னு எனக்குத் தெரியலீங்க.” ஆனால் டப்பாவை வரவழைத்துக் கொடுத்தவரும் அவர்தான். எனவே அதோடு நிறுத்திக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து பச்சியப்பன் எழுந்தார். “தலைவரே, என் வண்டி மூட்டையோட வத்தல்மலைக்கு ஏறுதுங்க. அதுல ஒரு சொட்டு கூலன்ட் கெடையாது.”

“அது வண்டியே இல்ல பச்சியப்பண்ணே. மாட்டு வண்டிக்குத் தம்பி.”

“தம்பியாவே இருக்கட்டுங்க. நடுரோட்டுல ஆவி வுட்டுக்கிட்டு நிக்கறதில்ல.”

சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் டைல்ஸைப் பார்த்தோம். பிரபாகர் நாற்காலியை விட்டு எழுந்தார். “வர்ற ஞாயித்துக்கெழம, உச்சி வெயில்ல, இந்த நீலக் கூலன்ட்ட ஊத்திக்கிட்டு வத்தல்மலை ஏறறேன். பின்னால அம்பிகாவ ஒக்கார வெச்சு ஏறறேன். மீட்டர்ல செவப்புக் கோடு வந்துதுன்னா, அந்த எடத்துலயே தலைவர் பதவிய உங்க கையில குடுத்துட்டு எறங்கிடறேன். போதுமுங்களா?”

பில் போட்டுக்கொண்டிருந்த அம்பிகா நிமிர்ந்தார். “உங்க பஞ்சாயத்துல என்னய ஏங்க இழுக்கறீங்க?”

“பாரம் வேணுமில்லம்மா, சோதனைக்கு.”

அம்பிகா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். அந்த வாரம் தனக்கு வீட்டில் என்ன சாப்பாடு கிடைத்தது என்பதைத் தலைவர் எங்களிடம் சொல்லவில்லை.

ஞாயிறு வந்தது. சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. முன்னால் தலைவர், அவர் பின்னால் அம்பிகா, அதற்குப் பின்னால் பதவி வரிசைப்படி நாங்கள், கடைசியில் பச்சியப்பன். அடிவாரத்துக்கு வரும்போதே தலைவர் மீட்டரில் பாதிக்கு மேல் கோடு ஏறியிருந்தது. அவர் பார்க்காதது போல ஓட்டினார்.

அடிவாரத்தில் போலீஸ் சோதனை. சப் இன்ஸ்பெக்டர் லூர்துமேரி கையைக் காட்டி நிறுத்தினார். ஹெல்மெட் இருந்தது, லைசென்ஸ் இருந்தது. பிறகு அவர் குனிந்து வண்டியின் முன்பக்கத்தைப் படித்தார்.

“மாவட்டத்… தலைவர். எந்த மாவட்டத்துக்குங்க சார்?”

“தருமபுரிக்குத்தாங்க. தகடூர் ரைடர்ஸ்.”

“கலெக்டருக்குச் சொல்லிட்டீங்களா?”

பிரபாகர் பலகையைப் பார்த்தார்.

“பதவிப் பலகை வெச்சு ஓட்டக்கூடாதுங்க சார். கழட்டிட்டுப் போங்க. இல்லீன்னா வண்டிய ஓரமா நிறுத்திட்டு பஸ்ல போங்க.”

தலைவர் போன் எடுத்து யாரையோ கூப்பிடுவது போல் கொஞ்ச நேரம் நின்றார். யாரும் எடுக்கவில்லை, அல்லது யாரையும் கூப்பிடவில்லை. கலைமணி ஸ்பேனர் எடுத்துப் பலகையைக் கழற்றினார். எங்கே வைப்பது? கடைசியில் அம்பிகாதான் அதை மடியில் வைத்துக்கொண்டார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே தலைவர் பதவி குறுக்கே நிற்க, வண்டி மலை ஏறியது.

ஏறியது என்றால், அப்படி ஏறியது. வளைவுக்கு வளைவு முதல் கியரில் உறுமிக்கொண்டு போனாலும் மீட்டரில் கோடுகள் ஏறவில்லை, இறங்கின. தலைவர் ஒரு கையை விட்டு எங்களுக்குக் கட்டை விரலைக் காட்டினார். மேலே டீக்கடையில் நிறுத்தியபோது பாதிக் கோடுகூட இல்லை. ரேடியேட்டர் ஃபேன் கொஞ்சம் சுற்றிவிட்டுத் தானாக அடங்கியது.

பிரபாகர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தார். “பாத்தீங்களா? கூலன்ட்டுன்னா இது கூலன்ட்டு. இனிமே நம்ம கிளப்புல இதுதான்.”

நாங்கள் கை தட்டினோம். கூலன்ட் ஊற்ற இடமில்லாதவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

பச்சியப்பன் தட்டவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே அம்பிகாவின் மடியில் இருந்த பலகையைப் பார்த்தார். பிறகு அது இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ரேடியேட்டர், இரண்டு மாதத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“தலைவரே, ஒரு சந்தேகமுங்க. தொப்பூருல கொதிச்சப்போ பலகை இருந்துதுங்களா?”

“இருந்துது. அதுக்கென்ன?”

“பாலக்கோட்டுல?”

“இருந்துது.”

“அரூர்ல?”

பிரபாகர் டீயைக் கீழே வைத்தார். அம்பிகாவுக்கு முதலில் புரிந்தது. பலகையின் மடித்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டீக்கடைக்காரர் கரியன் ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு உயரத் தூக்கி ஆற்றுவதைப் பார்த்தார்.

“ஏங்க, டீ சுட்டா ஆத்துவாங்களா, இல்ல தூளை மாத்துவாங்களா?”

“நீ சும்மா இரும்மா.”

“நான் சும்மாதான் இருக்கேன். மூடி போட்ட டம்ளர்ல காத்து பூருமாங்க? அதத்தான் கேக்கறேன்.”

கலைமணி வானத்தைப் பார்த்தார். பலகைக்கு இடம் சொன்னது யார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது.

“கூலன்ட்டுதான் காரணமுன்னா,” என்றார் பச்சியப்பன் மெதுவாக, “பலகைய மாட்டிக்கிட்டு மேக்கால இருக்கற ஊரு வரைக்கும் ஒருக்கா போயிட்டு வாங்க தலைவரே. அதுவும் மேடுதான். இங்க போலீசும் இல்ல. செவப்பு வரலீன்னா நானே ஊரெல்லாம் போய் உங்க கூலன்ட்ட விக்கறேன்.”

பிரபாகர் நினைத்திருந்தால் மறுத்திருக்கலாம். சட்டம், ஒழுங்கு, பசி என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தலைவர்களிடம் உள்ள ஒரே நல்ல குணம், தாங்கள் சொன்னதைத் தாங்களே நம்பிவிடுவதுதான். “மாட்டு கலைமணி,” என்றார்.

மாட்டினார்கள். இந்த முறை அம்பிகா ஏறவில்லை. நாங்கள் டீக்கடை வாசலில் நின்று பார்த்தோம். சாமை அறுத்த காட்டுக்கு நடுவே அந்த மேட்டில் வண்டி உறுமிக்கொண்டு போனது. ஊர் முனையில் இருக்கும் பெரிய பலாமரத்தைத் தொடுவதற்குள் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக ஆவி எழுந்தது. போய்ப் பார்த்தபோது பந்தயக் கூலன்ட் ரோட்டில் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோழி அதைக் கொத்த வந்தது. கரியன் கல்லெறிந்து விரட்டினார்.

“மூடியத் தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்,” என்றார் கலைமணி. அன்றைக்கு அவர் கொடுத்த ஆலோசனைகளில் குறை சொல்ல முடியாதது அதுதான்.

பிரபாகர் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஆறியதும் அவரே ஸ்பேனரை வாங்கி, பலகையைக் கழற்றி, பச்சியப்பன் கையில் கொடுத்தார்.

“சொன்னது சொன்னதுதாண்ணே. நீங்கதான் தலைவர்.”

பச்சியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். புளி மூட்டைக்குக்கூட அவ்வளவு மரியாதை அவர் காட்டி நாங்கள் பார்த்ததில்லை.

கரியன் சுத்தமான குடிதண்ணீர் கொண்டுவந்தார். அதை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு, பலகை இல்லாமல் பிரபாகரும் அம்பிகாவும் இறங்கினார்கள். கோடு அசையவில்லை. மறுநாள் தண்ணீரை எடுத்துவிட்டு, வண்டியோடு வந்த அதே கம்பெனிக் கூலன்ட்டை ஊற்றினார்கள். இந்த வெயிலில் கடத்தூருக்கும் தருமபுரிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று வரை கொதிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் புதுத் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். மூட்டை இல்லை. முதல் தீர்மானமே பலகைதான். பழைய பலகையில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றும், நூறு சிசி வண்டியில் சக்கரம் ஒல்லி என்பதால் எழுத்துக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும் என்றும் சொன்னார்.

கலைமணி தயங்கினார். “அண்ணே, எஞ்சினுக்கு முன்னால வெச்சா மறுபடியும் அதே கதை…”

“ஏம்ப்பா, கொதிச்சது கூலன்ட்டுதான? என் வண்டியிலதான் கூலன்ட்டே இல்லியே. எது கொதிக்கும்?”

கலைமணி பிரபாகரைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். காற்றுப் பட்டால்தான் எங்கள் எஞ்சின்கள் ஆறும் என்று வாராவாரம் எங்களுக்கு விளக்கியவர் அவர்தான். இப்போதும் அவர் வாயைத் திறந்தார். பில் போடும் மேசையிலிருந்து அம்பிகாவும் நிமிர்ந்தார்.

“கலைமணி,” என்றார் பிரபாகர், முன்னாள் தலைவருக்கு உரிய பெருந்தன்மையுடன். “தலைவருக்குப் பழசவிட ஒரு சாண் அகலமாவே அடி. என் செலவு.”