மார்ஜரி எங்கே போனாள்

பென்ஷன் எடுத்த முதல் திங்கட்கிழமை இரவு நான் சோபாவில் யசோதராவுக்குப் பக்கத்தில் போய் இருந்தபோது அவள் கொஞ்சம் தள்ளி இருந்தாள். எனக்கு இடம் விடுகிறாள் என்றுதான் நினைத்தேன். டிவியில் அவளுடைய வடக்கு நாடகம் தொடங்கிக்கொண்டிருந்தது. "நீங்களும் பாக்கப் போறியளோ?" என்று கேட்டாள். வேறு எங்கே போக? இவ்வளவு காலமும் அந்த நேரத்தில் நான் ஹோட்டல் குசினியில் அடுப்படியில் நின்றவன்.

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் லண்டன் நாடகம், அவள் இங்கிலாந்தின் வடக்கில் நடக்கிற வடக்கு நாடகம். இரண்டும் பிரிட்டிஷ்காரன் கிழமை தவறாமல் போடுகிற, முடிவே இல்லாத தெருக்கதைகள். லண்டனுக்கென்று வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் சுவிஸில் இறக்கிவிட்ட ஆட்கள் நாங்கள். போக முடியாத ஊரைப் பெட்டியிலாவது பார்ப்போம் என்று தொடங்கியது. என் நாடகத்தில் சந்தை உண்டு, குடிக்கடை உண்டு, என்ன சங்கதி என்றாலும் வாசலில் நின்று கத்தித் தீர்த்துவிடுவார்கள். டிசம்பரில் நத்தார் வந்தால் ஒரு சாவு நிச்சயம். தெருவே ஒரு கடைக்குத்தான் உடுப்புத் தோய்க்கப் போகும், பாதிக் குடும்பங்கள் அங்கேதான் உடையும். எங்கள் கட்டிடத்தில் வாஷ்மெஷினுக்கு முறை மாறிப் போனாலே கீழ்வீட்டுக்காரி கதவில் கடதாசி ஒட்டிவிடுவாள். எனக்கு அந்தத் தோய்க்கிற கடை சொர்க்கமாகத் தெரியும்.

அவளுடையதில் என்ன இருக்கிறது? மழை, தேத்தண்ணி, ஒரு தையல் பக்டரி. ஒருத்தி ஒரு சொல்லுச் சொல்ல மற்றவள் அரைச் சிரிப்போடு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பாள், அதிலேயே அரை மணித்தியாலம் போய்விடும். "இது நாடகமில்லை, கூப்பன் அரிசிக்கு நிக்கிற சங்கக்கடை வரிசை" என்பேன். "உங்கட ஆக்கள் கத்தினாப்பிறகு என்ன மிஞ்சுது? என்ர ஆக்கள் சொல்லாமல் விடுறதை எல்லோ கேக்க வேணும்" என்பாள். மூளைக்கு ஏறாத விளக்கம் என்று விட்டுவிடுவேன்.

இன்டர்லாக்கனில் குசினி வேலை என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் வீட்டுக்கு விடுவார்கள். சிம்மர்ஸ்டுண்ட என்று அதற்குப் பெயர். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து யசோதரா வருவதும் அந்த நேரம்தான். இரவு நான் வரும்போது அவள் படுத்திருப்பாள், விடிய அவள் வெளிக்கிடும்போது நான் குறட்டை. ஆகவே எங்கள் கலியாண வாழ்க்கை ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் நடந்தது. முந்தின நாள் நாடகத்தை நான் ஃபோனில் பார்த்துவிட்டுச் சொல்வேன். அவள் இரவு தனியே இருந்து பார்த்ததைச் சொல்வாள். வீட்டுப் பிரச்சினை எதையும் கதைக்க நேரமும் இல்லை, எனக்கு விருப்பமும் இல்லை.

அவள் சொன்ன ஆட்களில் எனக்குப் பிடித்தவள் மார்ஜரி. தெருமூலையில் இருக்கிற பேக்கரிக்காரனின் மனுசி. அவன் மாவும் அடுப்புமாகக் கிடப்பான், வாய் திறக்கமாட்டான். ஒருமுறை மார்ஜரிக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. தன்னந்தனியே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். "லண்டன் நாடகமெண்டால் நத்தாருக்குள்ள ஆளை முடிச்சிருப்பாங்கள்" என்று நான் சிரித்தேன். கொஞ்ச நாளில், பயப்பட ஒன்றுமில்லையாம், வெறும் கொழுப்புக் கட்டியாம் என்றாள். "பாத்தீரோ, உம்மட ஆக்களுக்கு ஒருத்தியைச் சாகடிக்கவும் துணிவில்லை" என்றேன். யசோதரா கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

நான் பென்ஷன் எடுக்கக் கிட்டின நாட்களில் மார்ஜரிக்குப் புதுப் பிரச்சினை. அவளுடைய மகள் வேறு ஊரில், பிள்ளை கிடைக்கப்போகிறது. அந்த ஊருக்கே போய்விட ஆசை, ஆனால் மனுசன் தெருவை விட்டு அசையமாட்டான். "அவள் போகட்டுமன். அவன் ஏன் போக வேணும்? அவனுக்கு அங்க என்ன குறை?" என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். அடுத்த கிழமை, மார்ஜரி அங்கே வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்று யசோதரா சொன்னாள்.

அதனால்தான் முதல் நாளே மார்ஜரியைத் தேடினேன். பேக்கரியையே காணவில்லை. இரண்டு கிழமை பார்த்தும் ஆளில்லை. கேட்டால், "இப்ப அவளைக் காட்டுறேல்லை" என்றாள், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

சனிக்கிழமை யசோதரா கடைக்குப் போயிருந்த நேரம் மகள் மிதுஷா வின்டர்தூரிலிருந்து வீடியோ கோல் எடுத்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளைக்கு வாங்கின கட்டிலைக் காட்டினாள். சின்ன வயதில் தாயோடு சேர்ந்து வடக்கு நாடகம் பார்த்து வளர்ந்தவள், இன்றைக்கும் விடுவதில்லை. மார்ஜரி எங்கே போனாள் என்று சும்மா கேட்டேன்.

"எந்த மார்ஜரி, அப்பா?"

"பேக்கரிக்காரன்ர மனுசி. நெஞ்சில கட்டி வந்து தனிய ஆஸ்பத்திரிக்குப் போனவள்."

"அப்பிடி ஒருத்தரும் அதில இல்லை. பேக்கரியே இல்லை." பிறகு அவளுடைய முகம் மாறியது. "கட்டி வந்தது அம்மாக்கெல்லோ. முதல் தரம் தனியத்தான் போனவ. ரிசல்ட்டுக்கு நான் லீவு போட்டு வந்து கூட்டிக்கொண்டு போனனான். அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னவதான்" என்றேன்.

ஃபோனை வைத்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கட்டி உண்மையென்றால் வீடு பார்ப்பதும் உண்மை. அவள் போகட்டுமன் என்று என் வாயால்தான் சொல்லியிருக்கிறேன். அவள் இல்லாத வீட்டில் அந்த லண்டன்காரரின் கத்தலை நான் யாருக்குச் சொல்வேன்?

திங்கட்கிழமை அவளுடைய நாடகம் தொடங்கியது. ஞாயிறு முழுக்கச் சொற்களைத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நேரே கேட்க எனக்கு வரவில்லை. தெரிந்த வழியால் போனேன்.

"மார்ஜரிக்கு வீடு கிடைச்சதோ?"

யசோதரா திரும்பி என்னைப் பார்த்தாள். "மிதுஷாவோட கதைச்சனீங்களோ?"

"ஓம்."

அவள் சீலைத் தலைப்பை மடித்தாள், பிரித்தாள். "கிடைச்சது. ரெண்டு அறை. ஸ்டேஷனுக்குக் கிட்ட. வாற கிழமை மறுமொழி சொல்ல வேணும்."

"மனுசன் வருவானெண்டு அவள் நினைக்கேல்லையோ?"

"கேட்டவள். அவன் நாடகமெண்டு நினைச்சிட்டான்."

"மடையன்" என்றேன்.

"ஓம்" என்றாள். மறுப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருந்தேன்.

வாழ்நாள் முழுக்க ஊராருக்குச் சமைத்தவன், இவளுக்கென்று ஒரு நாள் அடுப்பு மூட்டியதில்லை.

"குசினி எப்பிடி?" என்று கேட்டேன். "ரெண்டு பேர் நிண்டு சமைக்கலாமோ?"

அவள் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை நிறுத்தினாள். எழும்பிப் போய் டிவிக்கு முன்னால் நின்றாள், இது ஜன்னல் என்று ஒரு பக்கம் காட்டினாள், இது அடுப்பு என்று மறுபக்கம் காட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து அகலம் காட்டினாள், போதாதென்று இன்னும் கொஞ்சம் விரித்தாள். அவளுக்குப் பின்னால் வடக்குக்காரர் இருவர் சத்தமில்லாமல் எதையோ கதைத்துக்கொண்டிருந்தார்கள்.