பூக்கப் பயந்த கீரை

1967 மாசியில் சண்டிலிப்பாய்க் கனகாம்பிகையின் கீரைச்செடி வீட்டுக் கூரையைத் தாண்டியது. அந்த மாதம் கத்தரிக்காய் விலையும் ஏறியிருந்ததால் ஊர் இரண்டையும் சேர்த்தே கதைத்தது.

பூத்துவிட்டால் கீரை முற்றிவிடும், இலையும் குறைந்துபோகும். தாய் செத்துத் தனியாளான வருடத்திலிருந்து கனகாம்பிகைக்கு அதில் ஒரு பிடிவாதம். முந்திப் பூக்கிற செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுவாள். ஆகப் பிந்திப் பூக்கிறதில் மட்டும் விதை எடுப்பாள். போகத்துக்குப் போகம் இலை அகன்றது, பூ தள்ளிப்போனது. சிவப்புத்தண்டு, பச்சைத்தண்டு, புள்ளி விழுந்தது என்று வீட்டுக்கு வீடு வேறு கீரை இருந்த காலம். பெண்கள் தங்கள் விதையில் ஒரு பிடி கொண்டுவந்து அவளுடையதற்கு மாற்றிக்கொண்டு, பொழுதுபடும்வரை கதைத்துவிட்டுத்தான் போவார்கள். கடைசியில் பூக்கவே பூக்காத இந்தச் செடி முளைத்தது. வெட்ட வெட்டத் தழைத்து ஊர் முழுவதற்கும் கறி கொடுத்தது. பிறகு எவருக்கு விதை வேண்டும்? ஒழுங்கையில் நின்றபடியே கொக்கத்தடியால் இழுத்துப் பறித்துக்கொண்டு போனார்கள். வளவுக்குள் ஒருவரும் வரவில்லை. ஏழு வருடம் அவள் மாட்டோடு மட்டும் கதைத்தாள். பிறகு மாடும் செத்தது.

ஒருநாள் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு மகாதேவியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்கடை சிவப்புத்தண்டு விதை கொஞ்சம் கிடக்கே?"

"உன்ரை மரம் நிக்கேக்கை எனக்கேன் விதை? அது எப்பவோ அழிஞ்சு போட்டுது."

கனகாம்பிகைக்கு அழுகை வந்தது. மத்தியான வெயிலில் போய்ச் செடியின் தண்டைக் கட்டிப்பிடித்தாள்.

"உன்னோடை பூத்ததுகள் எல்லாத்தையும் பிடுங்கினது நான்தான். அதைப் பாத்துத்தானே பயந்து நிக்கிறாய்? இனிப் பிடுங்கமாட்டன். பூ, ராசாத்தி."

மறுநாள் காலை அது உச்சியிலிருந்து அடிவரை பூத்து நின்றது. விதை முற்றியதும் செடி காய்ந்தது. சோளகக் காற்று விதையை அள்ளிக்கொண்டுபோய் ஊரெல்லாம் கொட்டியது. மாரியில் மகாதேவி வளவில் சிவப்புத்தண்டு, எதிர்வீட்டில் புள்ளி விழுந்தது என்று அந்தந்த வீட்டுக்குரியது அங்கங்கே முளைத்தது. இலை கொஞ்சம் சிறிதுதான்.

கனகாம்பிகையின் வளவில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. வெறும் சிரட்டையோடு மகாதேவி வீட்டுக்குப் போனாள்.

மகாதேவி ஒரு பிடி விதை போட்டுக் கொடுத்தாள். "இருந்திட்டுப் போவன், எங்கை ஓடுறாய்? தேத்தண்ணி வைக்கிறன்."

அந்த விதை நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அது அவள் மண்ணில் உதிர்த்த விதை முளைக்கவில்லை. அடுத்த வருடமும் அப்படித்தான். ஒவ்வொரு மாரிக்கும் ஏதாவதொரு வீட்டில் போய்க் கேட்க வேண்டியிருந்தது. விவசாய உத்தியோகத்தர் ஒருவர் வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்து, உரம் போட்டால் சரிவரும் என்றார். ஓம் என்று சொல்லி அவரை அனுப்பினாள். உரம் போடவில்லை.